தவறான முகவரிக்குப் போன பழி: ‘பஃபலோ ’66’ படத்தின் உள்கணக்கு

1991 ஜனவரி 27. ஃபுளோரிடாவின் டாம்பா மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதிப்போட்டியான சூப்பர் பௌல், 25ஆவது முறை. ஆட்டம் முடிய 8 விநாடி இருக்கிறது. நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பஃபலோ பில்ஸ் 19. பஃபலோவின் உதைவீரர் ஸ்காட் நார்வுட் பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் 3 புள்ளி, கோப்பை பஃபலோவுக்கு. பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. ‘வைட் ரைட்’ (வலப்பக்கம் விலகிவிட்டது) என்று வர்ணனையாளர் சொன்ன இரண்டு சொற்கள் அந்த ஊரின் பேச்சில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன.

ஏழாண்டு கழித்து, 1998 ஜனவரியில், சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘பஃபலோ ’66’ என்ற ஒரு சின்னப் படம் வந்தது. அந்த உதையை நம்பிப் பந்தயம் கட்டித் தோற்று, அதனால் சிறைக்குப் போய், வெளியே வந்ததும் உதைத்தவனைச் சுட்டுக் கொல்லக் கிளம்பும் ஒருவனின் ஒருநாள் கதை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலேயே பிறந்த வின்சென்ட் காலோ எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்த முதல் முழுநீளப் படம். திரைக்கதையில் அலிசன் பேக்னல் கூட்டு. செலவு சுமார் 15 லட்சம் டாலர். இந்தக் கட்டுரை கதையின் முடிவு வரை பேசுகிறது. படத்தை முதலில் பார்த்துவிட விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

குற்றம், பழி, எதிர்பாராத காதல் என்று ஒற்றை வரியில் சொல்லிவிடக்கூடிய படம்தான். அந்த மூன்றுமே தவறான ஆளிடம் போய் நிற்கின்றன என்பதுதான் இதன் விசேஷம். செய்யாத குற்றத்துக்கு நாயகன் சிறை போகிறான். கடனுக்கும் தண்டனைக்கும் காரணமானவர்களை விட்டுவிட்டு, முகம் தெரியாத உதைவீரன்மேல் பழியைக் கட்டுகிறான். பள்ளியில் படித்தபோது தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத பெண்ணின் பெயரை, வழியில் பிடித்து இழுத்துவந்த ஒருத்திக்குச் சூட்டுகிறான். படத்தின் எல்லா நுட்பங்களும் இந்தத் தடுமாற்றத்தைத்தான் சுற்றி வருகின்றன.

முதலில் அந்த உதை. அளந்து பார்த்தால்தான் பழி எவ்வளவு அபத்தம் என்பது விளங்கும். பந்து எதிரணியின் 29ஆவது கெஜக் கோட்டில், அதாவது எல்லைக்கோட்டுக்கு 29 கெஜம் முன்னால் இருந்தது. கோல் கம்பம் எல்லைக்கோட்டுக்கு இன்னும் 10 கெஜம் பின்னால் நிற்கும். பந்தைப் பிடித்து நிறுத்துபவர் சுமார் 8 கெஜம் பின்தள்ளி உட்காருவார். கூட்டினால் 47 கெஜம், அதாவது 43 மீட்டர். கம்பங்களின் இடைவெளி 18 அடி 6 அங்குலம். நட்டநடுவில் குறிவைத்தால், இரண்டு பக்கமும் நாலு பாகைக்கும் குறைவாகத்தான் தவறலாம். பந்து பின்னால் வந்து சேர, அதை நட்டு நிறுத்த, உதைக்க, எல்லாம் சேர்த்து சுமார் ஒன்றேகால் விநாடி. பஃபலோவின் சொந்த மைதானம் செயற்கைத் தரை, டாம்பா புல்தரை. புல்தரையில் 40 கெஜத்துக்கு மேற்பட்ட உதைகளில் நார்வுட் அதற்குமுன் ஐந்தில் ஒன்றைத்தான் போட்டிருந்தார். தூரம் போதாமல் போய்விடுமோ என்று பலம் கொடுத்து உதைத்தார். தூரம் தாராளமாகவே கிடைத்தது. வழக்கமாக இடப்பக்கம் வளைந்து உள்ளே வரவேண்டிய பந்து வளையாமல் நேராகப் போய்விட்டது.

அன்று ஜயன்ட்ஸ் பந்தைத் தங்கள் கையில் வைத்திருந்த நேரம் 60 நிமிடத்தில் 40 நிமிடம் 33 விநாடி. மூன்றாம் கால்பகுதியில் ஒரே மூச்சில் 9 நிமிடம் 29 விநாடி பந்தை விடாமல் நகர்த்தி எல்லையைத் தொட்டார்கள். பஃபலோவின் தடுப்பாட்டம் அவர்களை நிறுத்த முடியாமல்தான் ஆட்டம் கைவிட்டுப் போனது. ஆனாலும் ஒரு தோல்விக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. 1986இல் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் மியான்தத் அடித்த சிக்ஸரைச் சேத்தன் சர்மா எத்தனை ஆண்டு சுமந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நியாயமாகச் சொன்னால் பஃபலோ மக்கள் மோசமாக நடந்துகொள்ளவில்லை. மறுநாள் நகரின் நயாகரா சதுக்கத்தில் கூடிய பல்லாயிரம் பேர் நார்வுட்டை மேடைக்கு வரச்சொல்லிக் கூவி, கைதட்டி வரவேற்றார்கள். அதற்குப் பிறகும் பில்ஸ் தொடர்ந்து மூன்று சூப்பர் பௌல் இறுதிகளில் தோற்றது. படம் அந்தக் கைதட்டலை எடுத்துக்கொள்ளவில்லை. ஊரே மன்னித்துவிட்ட ஒருவனை மன்னிக்காத ஒரே ஆள் அதற்குத் தேவைப்பட்டான். உதைவீரனுக்குப் படத்தில் ஸ்காட் உட் என்று பெயர். ஓய்வுபெற்று, ஆடை அவிழ்ப்பு நடனக் கிளப் நடத்துகிறான். நிஜ நார்வுட்டின் வாழ்க்கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்தது பந்தயம். நாயகன் பில்லி பிரவுன் கையில் இல்லாத 10,000 டாலரை ஒரு புக்கியிடம் (பந்தயம் பிடிப்பவரிடம்) பஃபலோமேல் கட்டுகிறான். இல்லாத பணத்தை எப்படிக் கட்ட முடியும் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடந்தது ஏறக்குறைய நெவாடா மாநிலத்தில் மட்டும். மற்ற ஊர்களில் தெரு புக்கிதான். முன்பணம் கேட்பதில்லை, ஆளைத் தெரிந்து கடனில் எழுதிக்கொள்வார், வாரக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார். 10 ஜெயிக்க 11 கட்டவேண்டும் என்பது வழக்கமான விகிதம். மிச்சமாகும் அந்த ஒன்றுதான் புக்கியின் வரும்படி. கடன் வசதியே வலை. கையில் இருக்கும் பணத்தைக் கட்டுபவன் அது தீர்ந்ததும் எழுந்து போய்விடுவான், கடனில் கட்டுபவனுக்கு எழுந்துபோக நேரம் வருவதில்லை.

இங்கே சூதாட்டம் தெரிந்தவர்கள் கவனிக்கும் ஒரு சிக்கல் உண்டு. நிஜ ஆட்டத்தில் பஃபலோ சுமார் 7 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று புக்கிகள் கணித்திருந்தார்கள். புள்ளி வித்தியாசத்தோடு பஃபலோமேல் கட்டியவர் ஜெயிக்க வேண்டுமானால் அணி 7க்கும் கூடுதலான புள்ளியில் வென்றிருக்க வேண்டும். நார்வுட்டின் பந்து உள்ளே போயிருந்தால் 22-20. வெறும் இரண்டு புள்ளி. அப்படிக் கட்டியவர்கள் அந்த உதை உள்ளே போயிருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார்கள். வித்தியாசம் பார்க்காமல் ‘யார் ஜெயிப்பார்’ என்று மட்டும் கட்டியவருக்கே கடைசி உதை உயிர்ப்பிரச்சினை. அந்தவகைப் பந்தயத்தில் பலமான அணிமேல் கட்டினால் கட்டிய தொகையைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும். கொஞ்சம் லாபத்துக்காக 10,000 டாலரைப் பணயம் வைக்கும் பந்தயம் அது. எந்த வகை என்று படம் விரித்துச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதும் சரிதான். பில்லி கணக்குப் போடத் தெரிந்தவன் அல்ல, நம்பத் தெரிந்தவன். நம்பியது பலிக்காமல் போனதற்குத்தான் அவனுக்கு ஒரு ஆள் வேண்டும்.

கடனைக் கட்ட முடியாத பில்லிக்கு புக்கி (மிக்கி ரூர்க், மொத்தமே ஒரு காட்சி) ஒரு வழி சொல்கிறார்: தன் சிநேகிதன் செய்த குற்றத்தை நீ ஒப்புக்கொள், சிறைக்குப் போ. ஐந்தாண்டு. நியாயமாகப் பார்த்தால் பழிவாங்க வேண்டியது இந்த புக்கியை. அவர்மேல் பில்லிக்குக் கோபமே வருவதில்லை. பயம் இருக்கும் இடத்தில் கோபம் எழாது; கோபத்தை எதிர்த்து நிற்க முடியாத யாரோ ஒருவர்மேல் திருப்பிவிடுவதுதான் மனித வழக்கம். திரைக்கதை இதை யார் வாயிலும் வசனமாகப் போடவில்லை. புக்கியின் காட்சியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, உட்டின் பெயரை மட்டும் திரும்பத் திரும்ப வரவைக்கிறது.

சிறையிலிருந்து வெளியே வரும் பில்லிக்கு முதல் தேவை துப்பாக்கி அல்ல, கழிப்பறை. ஏறத்தாழ கால் மணிநேரம் படம் இதிலேயே ஓடுகிறது. வெளியேறிய சிறைக்கதவையே திரும்பப்போய்த் தட்டுகிறான், பஸ்ஸில் நெளிகிறான், பூட்டிய கடைகளைத் தள்ளிப் பார்க்கிறான். கடைசியில் ஒரு நடனப் பள்ளிக்குள் நுழைகிறான். அங்கே டாப் நடனம் (காலணியால் தரையைத் தட்டித் தாளம் போடும் ஆட்டம்) பயிலும் லைலாவைக் (கிறிஸ்டினா ரிச்சி) கடத்துகிறான். காரணம் அற்பமானது. சிறையில் இருப்பதைப் பெற்றோரிடம் மறைத்து, அரசாங்க உத்தியோகம், கல்யாணம் என்று கடிதம் எழுதியிருக்கிறான். ‘கூன்’ (Goon) என்று எல்லோரும் கூப்பிடும் நண்பன் அவற்றை வெளியிலிருந்து தபாலில் சேர்த்திருக்கிறான். இப்போது அம்மா, மருமகளை அழைத்துக்கொண்டு வா என்கிறாள். ஒரு நாளைக்கு மனைவி வேண்டும்.

கடத்தல் காட்சியின் நகைச்சுவை ஒரு கியர் கம்பியில் இருக்கிறது. லைலாவின் கார் கையால் கியர் மாற்றும் ரகம். பில்லிக்கு அது ஓட்டத் தெரியாது; தானாகக் கியர் மாறும் சொகுசுக் காரே தனக்குப் பழக்கம் என்று வீறாப்பு பேசிவிட்டு, கடத்தப்பட்டவளையே ஓட்டச் சொல்கிறான். ஸ்டியரிங் அவள் கையில் போய்ச் சேர்ந்த அந்த நிமிடமே கடத்தல் அர்த்தம் இழந்துவிடுகிறது. சற்று தூரம் போனதும் ஒரு மரத்தடியில் அவன் ஒருவழியாகச் சிறுநீர் கழிக்கப் போகும்போது அவள் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நியூயார்க் மாநிலச் சட்டத்தில் இரண்டாம் நிலைக் கடத்தலுக்கு 25 ஆண்டு வரை சிறை உண்டு. செய்யாத குற்றத்துக்கு ஐந்தாண்டு இருந்துவிட்டு வந்த அன்றே, செய்த குற்றத்துக்கு அதைப்போல ஐந்து மடங்கைச் சம்பாதித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்பது தெரிந்தால் அந்தக் காட்சியின் சிரிப்பு வேறு மாதிரி ஒலிக்கும்.

பெற்றோர் வீட்டு உணவுமேசைதான் படத்தின் மையம். அம்மா (அஞ்செலிகா ஹூஸ்டன்) பஃபலோ அணியின் வெறியர். வாழ்நாளில் தவறவிட்ட ஒரே ஆட்டம் பில்லியைப் பெற்றெடுத்த அன்றைய ஆட்டம். அது அவன் பிறந்த 66ஆம் ஆண்டின் வெற்றி ஆட்டம் என்று படம் சொல்கிறது. தலைப்பு அங்கிருந்து வருகிறது. நிஜத்தில் பில்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1965 டிசம்பர் 26. 1966 பருவத்தின் பட்டப்போட்டியில், 1967 புத்தாண்டு தினத்தன்று, சொந்த ஊரிலேயே கான்ஸாஸ் சிட்டியிடம் 31-7 என்று தோற்றார்கள். படம் வரலாற்றைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறது. மகன் பிறந்ததால் வெற்றியைப் பார்க்க முடியவில்லை என்ற அம்மாவின் குறை இல்லாமல் கதையே நிற்காது, ஆகவே நகர்த்தித்தான் ஆகவேண்டும். உதைவீரன்மேல் இருக்கும் வெறுப்பின் உண்மையான முகவரி இந்தச் சாப்பாட்டு மேசை.

மேசை எப்படிப் படமாக்கப்பட்டது என்பது திரைப்படம் பயில்கிறவர்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டிய பாடம். நாலு பேர், நாலு பக்கம். வழக்கமான முறையில் ஒரு பொது ஷாட், பிறகு தோளுக்கு மேலிருந்து, பிறகு தனித்தனி குளோஸ்-அப் என்று பத்துப் பன்னிரண்டு கோணம் எடுப்பார்கள்; யார் யாரைப் பார்க்கிறார் என்பது குழம்பாமல் இருக்க ஒரு கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்கும். இங்கே கேமரா ஒவ்வொருவர் நாற்காலியிலும் முறைவைத்து உட்காருகிறது. யார் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அவர் சட்டகத்தில் இல்லை. மற்ற மூவர் தெரிகிறார்கள். நாலு பேர் கூடிய மேசை, ஆனால் நாலு பேரும் சேர்ந்து ஒரே சட்டகத்தில் வருவதில்லை. இது ஒரு குடும்பம் என்று கண்ணுக்குக் காட்டும் ஒரு ஷாட்கூடப் பார்வையாளனுக்குக் கிடைப்பதில்லை.

இந்த முறையில் சிக்கனமும் உண்டு, ஆபத்தும் உண்டு. நாலு கேமரா இடம் போதும். ஒவ்வொன்றிலும் காட்சி முழுவதையும் ஓட்டி எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் இடவலம் மாறும். இப்போது இடதுபுறம் தெரிந்த அப்பா அடுத்த ஷாட்டில் நேர் எதிரே இருப்பார். சுவர், விளக்கு, தட்டு என்று அடையாளம் சொல்லும் பொருள்கள் ஒவ்வொரு பக்கமும் வேறுபட்டு இருந்தால்தான் பார்ப்பவன் திசை தெரியாமல் திண்டாடாமல் இருப்பான். தட்டில் உள்ள சாப்பாட்டின் அளவும் மேலிருந்தபடி நேராகத் தெரியும். ஒரு கவளம் கூடினாலும் குறைந்தாலும் படத்தொகுப்பில் வெட்டு இடிக்கும். இங்கே பரிமாறப்படுவது குடல்கறி. லைலா மாமிசம் சாப்பிடாதவள். கூடவே அம்மா பில்லிக்கு சாக்லேட் டோனட் நீட்டுகிறாள். சாக்லேட் அவனுக்கு ஒவ்வாது; சின்ன வயதில் முகம் வீங்கிக் கிடந்ததை ஒரு கணநேர நினைவுக்காட்சி காட்டுகிறது. பெற்றவளுக்கு அது நினைவில்லை.

அந்த நினைவுக்காட்சிகள் வரும் விதம் தனி. சட்டகத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரம் முளைத்து, வளர்ந்து, திரையை மூடிக்கொள்கிறது. தொடக்கத்தில் சிறைக்கு வெளியே பெஞ்சில் படுத்திருக்கும் பில்லியின்மேல் இப்படிப் பல சதுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன. மங்கி மறைந்து வரும் பழைய பாணி நினைவு ஒரு ஏக்கத்தைக் கொடுத்துவிடும். இந்தச் சதுரத்தில் ஏக்கம் இல்லை, கேட்காமல் உள்ளே வந்துவிடுகிறது.

இனி ஃபிலிம். படத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் ‘பழைய கலர்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். காலோவும் ஒளிப்பதிவாளர் லான்ஸ் ஏகார்டும் எடுத்தது 35 மில்லிமீட்டர் ரிவர்சல் ஃபிலிமில். சாதாரண சினிமா ஃபிலிம் நெகட்டிவ். கழுவியதும் நிறம் தலைகீழாகத் தெரியும், அதிலிருந்து பிரிண்ட் போடவேண்டும். ரிவர்சலில் கழுவியதே பார்க்கக்கூடிய படம், ஸ்லைடுபோல. அறுபது எழுபதுகளில் டி.வி. செய்திகளும் அமெரிக்கக் கால்பந்து ஆவணப் படங்களும் இந்தவகை 16 மில்லிமீட்டர் ஃபிலிமில்தான் எடுக்கப்பட்டன. ஆகவே இந்தக் கலர் அந்தத் தலைமுறை பார்வையாளனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கலர். அம்மாவின் நினைவில் உள்ள பஃபலோ எந்தக் கலரில் இருக்குமோ அந்தக் கலரில் மகனின் வாழ்க்கை படமாக்கப்பட்டிருக்கிறது.

ரிவர்சல் மன்னிக்காத ஃபிலிம். நல்ல நெகட்டிவ் வெளிச்சத்திலிருந்து நிழல்வரை 12 ஸ்டாப்புக்கும் மேல் பிடித்துவைக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது). ரிவர்சல் 5, மிஞ்சினால் 6. நெகட்டிவில் ஒரு ஸ்டாப் கூடிப்போனால் லேபில் சரிசெய்துவிடலாம். ரிவர்சலில் அரை ஸ்டாப் கூடினாலே வெள்ளைச் சட்டையில் மடிப்பு காணாமல் போகும். போனால் போனதுதான், அங்கே சாயமே இல்லாத வெறும் ஃபிலிம்தான் மிஞ்சும். அரை ஸ்டாப் குறைந்தால் கண்ணைச் சுற்றிக் கரும்பள்ளம் விழும். காரணம், அதன் மாறுபாடு (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வெட்டு, கான்ட்ராஸ்ட்) நேராகத் திரையில் போட்டுப் பார்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. நெகட்டிவின் மாறுபாட்டு எண் 0.6 அளவில் இருக்கும், ரிவர்சலுடையது 1.5-ஐத் தாண்டும். திரையரங்குப் பிரிதிகளுக்காக அதிலிருந்து இன்டர்நெகட்டிவ் (இடைநிலை நெகட்டிவ் நகல்) எடுத்து மறுபடி பிரிண்ட் போடும்போது இன்னும் ஒரு படி கூடும். அந்தக் கூடுதலையும் முன்கூட்டியே நினைத்து லைட்டிங் செய்ய வேண்டும்.

வேகமும் குறைவு. அன்று கிடைத்த ரிவர்சல் ரகங்களில் 125, 160 ஏ.எஸ்.ஏ. (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்ற அளவு) சாதாரணம். 125இல், விநாடிக்கு 24 சட்டகத்தில், லென்ஸின் எஃப் 2.8 திறப்பில் எடுக்கச் சுமார் 860 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். வீட்டு வரவேற்பறையில் இரவு விளக்கு கொடுப்பது 100, 150 லக்ஸ். 500 ஏ.எஸ்.ஏ. நெகட்டிவுக்கு இதில் கால்பங்கு போதும். வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் மேலிருந்து கொட்டும் வெளிச்சம் சற்றுக் கடுமையாகத் தெரிவதற்கு இந்தப் பசிதான் காரணம்.

அப்படியானால் ஒரு முதல்படக்காரர், குறைந்த பணத்தில், எதற்கு இந்த விஷப்பரீட்சை? பாதி விடை பஃபலோவின் பனிக்காலம். ஈரி ஏரிக்கரையில் ஜனவரி வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். மூடிய வானத்தில் நிழல் விழாது. காட்சியில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளி மூன்று நாலு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும். ரிவர்சலின் சின்னக் கிண்ணத்துக்குள் அது பொருந்தும். சாம்பல் நிற ஊரை நெகட்டிவில் எடுத்தால் சோறுபோலச் சப்பென்று இருக்கும். ரிவர்சல் அதற்குக் கறுப்பையும் விளிம்பையும் கொடுக்கிறது. மாட்டிக்கொள்ளும் இடம் பனி. வெளிச்சம் அளக்கும் மீட்டர் பனியை நடுச்சாம்பல் என்று நினைத்து அளவைக் குறைத்துச் சொல்லும். ஒன்றரை இரண்டு ஸ்டாப் திறக்கவேண்டும் என்பது பாடப்புத்தக விதி. ரிவர்சலில் அவ்வளவு திறந்தால் பனி வெறும் வெள்ளைக் காகிதம். பனியை அளக்காமல் முகத்தை அளந்து அதற்கே செட் செய்வதுதான் பாதுகாப்பு.

இந்த ஃபிலிமின் முழுப்பலனும் பௌலிங் கூடத்தில் தெரிகிறது. விளக்குகள் அடங்கி, ஒரே ஒரு வட்ட வெளிச்சத்தில் லைலா மெதுவாக டாப் ஆடுகிறாள். கிங் கிரிம்சன் குழுவின் 1969 பாட்டு ‘மூன்சைல்ட்’ ஒலிக்கிறது. வட்டத்துக்கு வெளியே எல்லாம் முழுக்கறுப்பில் விழுந்துவிடுகிறது. நெகட்டிவில் எடுத்திருந்தால் பின்னால் நாற்காலிகளும் பந்து அடுக்கும் மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும், அவளும் ஒரு பௌலிங் கூடத்தில்தான் நின்றிருப்பாள்.

லைலாவைப் பற்றி ஒரு குறையைச் சொல்லாமல் விடமுடியாது. அவள் யார், எங்கே வீடு, அன்று இரவு அவளை யாரும் தேடமாட்டார்களா, எதுவும் படத்தில் இல்லை. பனியில் கோட்டுகூட இல்லாமல், மெல்லிய சட்டையும் டாப் காலணியும் போட்டுக்கொண்டு ஒருநாள் முழுக்க அவனோடு சுற்றுகிறாள். திட்டுகிறான், மிரட்டுகிறான், தொடவிடமாட்டேன் என்கிறான், அவள் பொறுக்கிறாள். கேட்பதற்கு எதுவும் இல்லாத பெண், ஆணின் காயத்துக்கு மருந்து என்பது சினிமாவில் புதிய கற்பனை இல்லை. படத்தைக் காப்பாற்றுவது ரிச்சியின் நடிப்பு. மாமனார் மாமியாரிடம் பொய் சொல்லச் சொன்னால், சி.ஐ.ஏ.வில் டைப்பிஸ்ட்டாக இருந்தபோது பில்லியைச் சந்தித்தேன் என்று கேட்டதற்கு மேலாகவே சொல்லிவைக்கிறாள், அதுவும் ரசித்துச் சொல்கிறாள். அந்த ரசனைதான் அவளுக்கென்று இருக்கும் ஒரே சொத்து. எழுத்தில் வராதது முகத்தில் வந்திருக்கிறது. வெண்டி பால்சம் என்ற பெயரில் அவளை அறிமுகப்படுத்திய பிறகு, நிஜ வெண்டி (ரோசானா ஆர்கெட்) ஒரு உணவகத்தில் தன் வருங்காலக் கணவனோடு எதிர்ப்படுகிறாள். பில்லி ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாமல் கழிப்பறைக்கு ஓடுகிறான். தப்பிப்போக அதைவிட நல்ல தருணம் லைலாவுக்குக் கிடைக்காது. அங்கும் அவள் போவதில்லை.

பழி நடக்கவேண்டிய இடத்தில் நடப்பது இது. நள்ளிரவுக்குப் பிறகு, விடுதியறையில் லைலாவை விட்டுவிட்டு, அவளுக்கு ஹாட் சாக்லேட் வாங்கிவருவதாகச் சொல்லிக் கிளம்புகிறான். கிளப்பில் உட் சட்டை இல்லாமல், தொந்தி தெரிய, நடனப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். யெஸ் குழுவின் ‘ஹார்ட் ஆஃப் த சன்ரைஸ்’ ஓடுகிறது. குண்டு பாய்ந்த கணம் உறைந்து நிற்க, கேமரா மட்டும் அந்த ரத்தச் சிலையைச் சுற்றி நகர்கிறது. பிறகு பில்லி தன்னையே சுட்டுக்கொண்டு உறைகிறான். ‘மேட்ரிக்ஸ்’ வெளியானது அடுத்த ஆண்டு என்பதால் இந்த உறைநிலையைப் பலர் முன்னோடி என்று சொல்வார்கள். முக்கியம் அதுவல்ல. உறைந்த படத்துக்குப் பிறகு கல்லறை வருகிறது: பெற்றோர் வந்து நிற்கிறார்கள், அம்மாவின் கவனம் அங்கேயும் ஆட்டத்தில். தான் செத்தாலும் அவள் திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்பது அவனுக்கே தெரிந்துவிடுகிறது. பழிவாங்கலைப் பார்க்கவேண்டியவள் பார்க்கப்போவதில்லை என்றால் பழிக்கு வேலை இல்லை. நடந்தது கற்பனை, உட் உயிரோடு இருக்கிறான், அவனுக்கு எதுவும் தெரியாது. பில்லி வெளியேறுகிறான்.

பிறகு கடைக்குப் போய்த் தனக்கு ஆகாத சாக்லேட் பானத்தை அவளுக்காக வாங்குகிறான். இதய வடிவ பிஸ்கட் ஒன்றும் சேர்த்து. கடையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கிறான். இந்தத் திருப்பம் ரொம்ப வேகம் என்று விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் கிளப்பில் ஒரு கொலையைக் கற்பனையாக்கிக் காட்டிய இயக்குநர் இந்த மகிழ்ச்சிக்கு மட்டும் உத்தரவாதம் தருவதாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படம் அமெரிக்காவில் ஈட்டியது சுமார் 24 லட்சம் டாலர். ஜப்பானில் 1999இல் வெளியாகி இளைஞர்களிடம் தனி ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. ஏகார்டு அடுத்தடுத்துப் பெரிய படங்களுக்குப் போனார்.

இதே தோற்றத்தை இன்று முயல நினைக்கும் குறும்படக்காரர்களுக்குச் சில விவரங்கள். கோடாக் நிறுவனம் 2012இல் நிறுத்திய எக்டாக்ரோமை 2018இல் மறுபடி கொண்டுவந்தது. ரகம் 100 ஏ.எஸ்.ஏ., பகல் வெளிச்சத்துக்கானது. 16 மில்லிமீட்டரில் 100 அடிச் சுருள் 2 நிமிடம் 46 விநாடி ஓடும்; 35இல் 400 அடி சுமார் நாலரை நிமிடம். வாங்குவதற்கு முன் லேபிடம் கேட்க வேண்டியது, சினிமாச் சுருளை ரிவர்சலுக்கான இ-6 முறையில் கழுவுவார்களா என்பது. பல லேப்களில் நெகட்டிவுக்கான முறை மட்டும் ஓடும், அதில் போட்டால் ஸ்லைடு வராது, நிறம் திரிந்த நெகட்டிவ்தான் வரும். படப்பிடிப்புக்கு முன் ஒரு சுருளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்: நடிக்கப்போகும் அதே முகம், அதே உடை, சரியான அளவிலிருந்து அரை அரை ஸ்டாப்பாக மேலே இரண்டு, கீழே இரண்டு. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தோலில் நிழல்பக்கம் எந்த இடத்தில் விவரம் இல்லாமல் அடைந்துபோகிறது என்பதை அந்தச் சுருளில் பார்த்துக்கொண்டு, முகத்தின் இரு பக்க வித்தியாசத்தை இரண்டு ஸ்டாப்புக்குள் வைத்து லைட் போடுங்கள். டியூப்லைட் இருக்கும் இடமானால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். ரிவர்சலில் அது பச்சையாக ஏறும், பிறகு இறங்காது.